கோப்பியை எவ்வளவு வறுக்கலாம்? யாழ்ப்பாணத்துக் குசினிக்கு ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில் கோப்பித் தூள் வாங்குகிறவரிடம் முன்பெல்லாம் ஒரு கேள்விதான் கேட்பார்கள்: மல்லி போட்டதா, போடாததா? இப்போது பைக்கற்றின் முன்பக்கத்திலேயே லைட், மீடியம், டார்க் என்று எழுதி வருகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருகிற பைக்கற் என்றால் கோப்பி விளைந்த மலை, அதன் உயரம், கொட்டையைக் கழுவிய விதம் எல்லாம் அச்சடித்திருக்கும். நகரத்துக் கோப்பிக் கடையில் நிற்கும் பெடியனும் "என்ன ரோஸ்ட் வேணும்?" என்று கேட்கிறான். நல்ல கோப்பி விலை குறைந்த சாமானில்லை. பிடிக்காததை வாங்கினால் அது அலுமாரியில் கிடந்து மணம் போகும்.

எது நல்ல வறுவல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் கோப்பைக்குள் வேறு என்னென்ன விழுகிறது என்று கேட்டால் பதில் உண்டு. பால் விடுவீர்களா? சீனியா, பனங்கட்டியா? மல்லி சேர்ப்பீர்களா? எந்தக் கிணற்றுத் தண்ணி? இந்த நாலையும் சொல்லிவிட்டால் வறுவலைத் தெரிவது பெரிய வேலையில்லை. நாலாவதை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஊரில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தாச்சிக்குள் நடப்பது

மூன்று வறுவலும் ஒரே கொட்டைதான். அடுப்பிலிருந்து எப்போது இறக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பச்சைக் கோப்பிக்கொட்டையில் 10 முதல் 12 வீதம் வரை ஈரம் இருக்கும். தாச்சியில் போட்டுக் கிண்டத் தொடங்கியதும் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். ஈரம் போய்க்கொண்டிருக்கிறது, வைக்கோல் மணம் வரும். பிறகு கொட்டை மஞ்சளாகும், மணமும் மாறிப் பாண் போறணைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். மஞ்சள் மண்ணிறமாகும்போது மெல்லிய தோல் கழன்று பறக்கும். கொட்டை ஏறத்தாழ 200 பாகை செல்சியசைத் தொடுகிற நேரம், உள்ளே அடைபட்ட நீராவியின் அமுக்கம் அதை வெடிக்க வைக்கும். 'பட்... பட்' என்று தனித்தனியாக, உரத்துக் கேட்கும். இதுதான் முதல் வெடிப்பு. இது ஓய்கிற கையோடு இறக்கினால் இளம் வறுவல்.

பிறகு ஓர் அமைதி. அந்த இடைவெளிக்குள் இறக்குவது நடு வறுவல். இன்னும் விட்டால் 225 பாகை அளவில் இரண்டாம் வெடிப்பு தொடங்கும். இது முதலாவது போல உரத்த சத்தமில்லை. கடுகு தாளிக்கிற மாதிரி மெல்லியதாக, அடுக்கடுக்காக வரும். இதைத் தாண்டினால் கடும் வறுவல். கொட்டையின் மேலே எண்ணெய் மினுங்கும், புகை கண்ணை எரிக்கும். இரண்டு வெடிப்புக்கும் இடையில் கிடைப்பது சில நிமிடம்தான். நெருப்புக் கூடினால் அதுவும் கிடைக்காது.

எங்கள் அம்மம்மா வறுக்கும்போது நிறத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. சத்தத்தைக் கேட்பா, மணத்தைப் பிடிப்பா, "சுளகைக் கொண்டா, கெதியா" என்று கத்துவா. அந்தக் கெதிக்குக் காரணம் உண்டு. அடுப்பை நூர்த்தாலும் கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து கறுக்கும். தாச்சிக்குள்ளேயே விட்டால் நடு வறுவலுக்கு இறக்கியது கடும் வறுவலாகிவிடும். சுளகில் பரப்பி விசிறினால் நினைத்த இடத்தில் நிற்கும்; அப்படியே புடைத்தால் தோலும் போய்விடும்.

தாச்சி வறுவலுக்கு ஒரு குணம் உண்டு. அடியில் பட்டது கறுக்கும், மேலே கிடந்தது மண்ணிறமாகவே நிற்கும். ஒரு தாச்சிக்குள் மூன்று வறுவலும் கலந்திருக்கும். மெஷினில் வறுக்கிறவர்கள் இதைப் பெரிய குறை என்பார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பால் விட்டுக் குடிக்கிறவர்களுக்கு இந்தக் கலவையில் ஒரு ஆழம் இருக்கிறது. வெறுங்கோப்பிக்கு அது சரிவராது. கரிந்த கொட்டை கொஞ்சம் கிடந்தாலே கோப்பை முழுக்கக் கசக்கும். அரைக்க முதல் சுளகில் போட்டுக் கரிக்கட்டையானதைப் பொறுக்கி எறிவது ஐந்து நிமிட வேலை.

இளம் வறுவலும் எங்கள் கிணறும்

இளம் வறுவலில் கொட்டையின் பிறவிக் குணம் அதிகம் தங்கும். எந்த மலையில், எந்த மண்ணில் விளைந்தது என்பது நாக்குக்குத் தெரியும். பழப்புளிப்பு, பூமணம், தேயிலையை நினைவூட்டும் ஒரு மெல்லிய தன்மை எல்லாம் இதில்தான். எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் பகுதிக் கோப்பியை இளம் வறுவலில் குடித்தவர்கள் மல்லிகை மணக்கிறது என்று சொல்வது பொய்யில்லை.

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி அப்படியொரு பைக்கற்றைக் கொண்டுவந்து ஆசையாகப் போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் போட்டாள். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "தூள் காணாது போல கிடக்கு, பிள்ளை" என்றா. மச்சாளுக்கும் அது அங்கே குடித்த கோப்பியாகத் தெரியவில்லை. அடுத்த நாள் கடையில் வாங்கிய போத்தல் தண்ணியில் போட்டாள். இந்த முறை, "இதென்ன, புளிக்குது!" மச்சாள் மட்டும் சந்தோசமாக முழுவதையும் குடித்து முடித்தாள்.

பைக்கற்றும் ஒன்று, கையும் ஒன்று, மாறியது தண்ணிதான். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இங்கே இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லுக்குள் போய்வரும் தண்ணி கல்சியத்தையும் இருகாபனேற்று என்ற உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலுக்குள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் போகாமல் இருப்பது அதுதான். இந்த இருகாபனேற்று கோப்பியிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். இளம் வறுவலின் முதலே அந்த அமிலம்தான். அதை எடுத்துவிட்டால் கோப்பி சப்பென்று, சுண்ணாம்பு வாடையோடு நிற்கும். நடு வறுவலில் அமிலம் ஏற்கெனவே குறைந்திருப்பதால் இழப்பும் குறைவு. கடும் வறுவலுக்கு இந்தத் தண்ணியால் பெரிதாக ஒன்றும் கெடாது.

எல்லாக் கிணறும் ஒன்றில்லை. ஒரே ஒழுங்கையில் ஒரு வளவுக் கிணற்றில் நல்ல தண்ணியும் அடுத்த வளவில் சவரும் வரும். சவர்த் தண்ணியில் எந்த வறுவலையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். குடிக்கப் பிடிக்கிற தண்ணியில் மட்டும் போடுங்கள்.

இளம் வறுவலை விடவே மனமில்லை என்றால் வழி இருக்கிறது. கிணற்றுத் தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்தது கலங்காமல் மேலே உள்ளதை வார்த்தெடுங்கள். இருகாபனேற்றில் ஒரு பகுதி படிந்து போயிருக்கும். அதைத் திரும்பக் கொதிக்க வைத்துக் கோப்பி போடலாம். வடிகட்டிய தண்ணி விற்கிற இடத்தில் வாங்கியதென்றால் பிரச்சினை மறுபக்கம்: அதில் உப்புகள் அநேகமாக எடுபட்டிருக்கும், கோப்பி வெளிறிப் புளிக்கும். கால்வாசி கிணற்றுத் தண்ணி கலந்தால் சமன்படும். மாமிக்குப் பிடிக்குமா என்பது வேறு விசயம்.

இன்னும் இரண்டு இடைஞ்சல். இளம் வறுவல் கொட்டை கடினமானது. கையால் சுற்றும் சின்ன அரைப்பானில் கை நோகும், உரலில் இடித்தால் ஒரு சீராக வராது. இரண்டாவது, அதற்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணியே வேண்டும். காலையில் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்துப் பத்து மணிக்குக் கோப்பி போடுகிற வீட்டில் இது சரிவராது. அந்தச் சூட்டில் ருசி இறங்காது.

ஆக, பால் வேண்டாம், சீனி வேண்டாம், ஆறுதலாக இருந்து குடிக்க நேரமிருக்கிறது, தண்ணிக்கு மெனக்கெடத் தயார் என்பவருக்கு இளம் வறுவல். பால் விட்டுக் குடிக்கிறவர் காசை வீணாக்க வேண்டாம். புளிப்புள்ள கோப்பியில், கறந்து நேரமான பால் திரையவும் கூடும். ஒரு இடத்தில் மட்டும் நான் இதற்கு முழு மனத்தோடு கை தூக்குவேன்: சித்திரை வெயிலில் ஐஸ் போட்டுக் குடிக்க. கடும் வறுவலை ஐஸில் போட்டால் கரிக்கசப்பு முன்னுக்கு நிற்கும். இளம் வறுவல் பழரசம் போலப் போகும்.

கொட்டையையும் பார்க்க வேண்டும்

இலங்கை ஒரு காலத்தில் கோப்பி நாடு. 1820களில் தொடங்கி மலைநாட்டில் காடழித்து நட்டதெல்லாம் கோப்பிதான். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்ததும் முதலில் அதற்குத்தான். 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அப்போது அழிந்தது அரபிக்கா என்ற கோப்பி இனம். அந்தத் துருவைத் தாங்குகிற இனம் ரொபஸ்டா. இன்று மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் கொட்டையில் இரண்டும் இருக்கும், கலந்தும் இருக்கும்.

வறுவலைத் தீர்மானிக்க இது ஏன் தேவை? ரொபஸ்டாவை இளமாக வறுத்தால் பூமணமும் வராது, பழப்புளிப்பும் வராது. பச்சைக் கச்சானைச் சப்பிய மாதிரி ஒரு தானிய வாடைதான் மிஞ்சும். அதை இரண்டாம் வெடிப்பின் வாசல்வரை கொண்டுபோனால்தான் கோப்பியாகும். அரபிக்காவுக்கு மட்டும்தான் இளம் வறுவல் என்ற தெரிவே இருக்கிறது.

பார்த்துப் பிரித்தறியலாம். அரபிக்கா கொஞ்சம் நீளவட்டம், நடுக்கோடு வளைந்து ஓடும். ரொபஸ்டா உருண்டை, கோடு நேராக இருக்கும். சந்தையில் பச்சைக் கொட்டை வாங்கும்போது ஒரு கைப்பிடியை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். உருண்டைகள் கூட இருந்தால் லைட்டா மீடியமா என்ற யோசனையை விட்டுவிட்டு நன்றாக வறுக்கச் சொல்லுங்கள். ரொபஸ்டாவில் கஃபீன் அரபிக்காவை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஃபீன் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுத்த கோப்பிதான் 'ஸ்ரோங்' என்று பலர் நம்புகிறார்கள். கறுப்பும் கசப்பும் கூடுமே தவிர, வறுப்பதால் கஃபீன் கூடுவதில்லை, பெரிதாகக் குறைவதுமில்லை. நித்திரை வராமல் செய்வது கொட்டையின் இனமும் நீங்கள் போடுகிற தூளின் அளவும்தான்.

நடு வறுவல்

என் வாக்கு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. நடு வறுவல் என்பது ஒரு புள்ளியில்லை, அகலமான இடம். முதல் வெடிப்பு முடிந்த உடனே இறக்கியதற்கும் இரண்டாவது தொடங்கப் போகிற நேரத்தில் இறக்கியதற்கும் ருசியில் நல்ல தூரம் உண்டு. எங்கள் தண்ணிக்குப் பின்னதுதான் பொருந்தும். புளிப்பு அடங்கியிருக்கும், இனிப்புக் கூடியிருக்கும், கரிவாடை இன்னும் வந்திருக்காது. கொட்டை கடும் மண்ணிறம், மேற்பரப்பு உலர்ந்தது. எண்ணெய் மினுக்கம் இருந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பி குடிக்கிற வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமில்லை. பனங்கட்டிக்கே ஒரு காய்ச்சிய மணமும் மெல்லிய உவர்ப்பும் உண்டு. இளம் வறுவலின் பூமணத்தை அது ஒரே கடியில் அடித்துவிடும். கடும் வறுவலோடு சேர்ந்தால் இரண்டு கருகல் மணமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நடு வறுவலில்தான் கட்டியும் தெரியும், கோப்பியும் தெரியும். வெள்ளைச் சீனியென்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அது எல்லா வறுவலையும் ஒரே மாதிரித்தான் மூடும்.

சுடுதண்ணிப் போத்தல் தண்ணியும் இதற்குக் காணும், கொதித்து அதிக நேரமாகாமல் இருந்தால். 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு 12 கிராம் தூள், நாலு நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும். தராசு இல்லாத வீட்டில் குவித்த மூன்று நாலு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடும் வறுவல், பால் குடிக்கிறவர்களுக்கு

பாலிலுள்ள புரதம் கோப்பியின் கசப்பையும் துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு நாக்கில் படிந்து மிச்சத்தை மெதுவாக்கும். அதனால் வெறுமையாகக் குடித்தால் முகம் சுளிக்கிற கோப்பி, பால் விட்டதும் சாந்தமாகிறது. நடு வறுவலுக்குப் பால் கூடினால் கோப்பி மணமே காணாமல் போகும். கடும் வறுவல் பாலைத் தாண்டி வந்து நிற்கும்.

பாலுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. பால்மாவில் ஏற்கெனவே ஒரு காய்ச்சிய இனிப்பு உண்டு. அதற்குக் கடும் வறுவல் பொருந்தும், சீனியைக் குறைத்தும் போடலாம். அன்றன்று கறந்த பசுப்பால் என்றால் அவ்வளவு கறுக்க வேண்டாம். இரண்டாம் வெடிப்பு தொடங்கியதும் இறக்கிய கொட்டை போதும், பாலின் ருசியும் மிஞ்சும். ஆட்டுப்பாலில் கோப்பி குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வாடையை விரும்புகிறவருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. விரும்பாமல் சத்துக்காகக் குடிக்கிறவர் தாராளமாகக் கறுத்ததை எடுக்கலாம்.

பலாலியிலிருந்து 2019இல் சென்னைக்கு விமானம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டு பில்டர் கோப்பித் தூளும் பயணப் பெட்டிகளில் வந்து சேர்கிறது. அதை வறுவலோடு மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அநேகமானவற்றில் சிக்கரி, அதாவது ஒரு செடியின் வறுத்த வேர், கலந்திருக்கும். அந்தக் கறுப்பிலும் கனத்திலும் ஒரு பங்கு சிக்கரியுடையது. சிக்கரியில் கஃபீன் இல்லை. அந்த ருசிதான் வேண்டுமென்றால் கடும் வறுவலைத் தேடுவதை விட்டுச் சிக்கரி கலந்த தூளைத் தேடுங்கள்.

கடும் வறுவலின் குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, அது கொட்டையின் வயதையும் பழுதையும் மறைக்கும். பழைய கொட்டை, பூச்சி அரித்தது, ஈரம் பட்டது எல்லாம் கறுத்த பிறகு ஒரே நிறம், ஒரே கசப்பு. மலிவான தூள்கள் பல கறுப்பாக இருப்பதில் வியப்பில்லை. தூளாக வாங்காமல் கொட்டையாக வாங்கி அரைப்பித்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

இரண்டாவது, எண்ணெய் வெளியே வந்துவிட்டதால் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும். எங்கள் சூட்டில் இது இன்னும் கெதி. கடும் வறுவல் தூளை ஒரு கிலோ வாங்கி வைக்கிறது புத்தியில்லை. இரண்டு கிழமைக்குக் காணுமான அளவு போதும்.

மூன்றாவது காசு. ஒரு கிலோ பச்சைக் கொட்டை நடு வறுவலில் ஏறத்தாழ 850 கிராமாக வரும். கடும் வறுவலில் 800க்குக் கீழேயும் போகும். கொட்டை ஊதிப் பாரமும் குறைவதால் அதே தேக்கரண்டியில் குறைந்த தூள்தான் ஏறும். ஆகையால் கடும் வறுவலுக்குக் கரண்டியைக் கொஞ்சம் குவித்து அள்ள வேண்டும். தண்ணியைக் கொதித்த கையோடு ஊற்றாமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள், மூன்று நிமிடத்தில் வடியுங்கள். சுடுதண்ணிப் போத்தலுக்கென்றே செய்த வறுவல் என்று சொல்லலாம்.

நெஞ்செரிவுக்காரர் சிலர் கறுத்த கோப்பி தங்களுக்கு ஒத்துவருகிறது என்பார்கள். வறுக்க வறுக்கக் கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் என்ற அமிலம் குறைகிறது என்பது உண்மை. ஆனாலும் கஃபீன் அப்படியே இருக்கிறது. வெறுவயிற்றில் குடித்துவிட்டு வறுவலைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

மல்லிக்கோப்பிக்கு வேறு கணக்கு

மல்லி போடுகிற வீட்டில் மேலே சொன்னதில் பாதி மாறும். மல்லி தன் பங்குக்கு ஒரு எலுமிச்சை கலந்த மணத்தைக் கொண்டுவருகிறது. அதோடு இளம் வறுவலின் புளிப்பும் சேர்ந்தால் இரண்டும் மோதும். மிகக் கறுத்ததோடு சேர்த்தால் மல்லி இருந்த இடமே தெரியாது. நடு வறுவலின் பின்பாதி, அதாவது இரண்டாம் வெடிப்புக்குச் சற்று முன், இங்கேயும் சரியாக வருகிறது. ரொபஸ்டா என்றாலும் குறையில்லை. உண்மையில் மல்லிக்கோப்பிக்கு விலை கூடிய அரபிக்கா வாங்குவது வீண்.

முக்கியமான விசயம், இரண்டையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக்கூடாது. மல்லி சின்னது, உலர்ந்தது. கோப்பி மஞ்சளாகிற நேரத்துக்குள்ளேயே மல்லி வறுபட்டுவிடும். ஒன்றாகத் தொடங்கினால் கோப்பி தயாராகும்போது மல்லி கரி. கோப்பியை இறக்கிய பிறகு மல்லியைப் போட்டு, மெல்லிய நெருப்பில், கை எடுக்காமல் கிண்டி, மணம் எழும்பி நிறம் ஒரு படி கூடியதும் இறக்குங்கள். வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் சேர்க்கிறவர்கள் அவற்றை இன்னும் குறைவாகச் சூடு காட்டினால் காணும். பங்கு வீட்டுக்கு வீடு மாறும். பாதிக்குப் பாதி மல்லி போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் கஃபீனும் பாதியாகும், இரவில் குடிக்கிறவருக்கு அது நல்லதுதான்.

பைக்கற்றில் வருகிற மல்லிக்கோப்பித் தூளில் மல்லி மணத்தைவிடக் கருகல் மணம் தூக்கலாக இருந்தால், இரண்டையும் ஒன்றாக வறுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படலாம்.

அரைப்பதும் வைப்பதும்

மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் எந்த மெஷினில் அரைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் இறங்கிய கையோடு கோப்பி அரைத்தால் எந்த வறுவலும் தொண்டையில்தான் தெரியும். வறுத்த அன்றே அரைக்கவும் வேண்டாம். கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும். இரண்டு மூன்று நாள் கொட்டையாக வைத்தால் ருசி அடங்கி வரும். மாரி காலத்தில் தூள் ஈரம் குடிக்கும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள போத்தலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இன்னும் முடிவு வரவில்லையென்றால் சோதித்துப் பார்ப்பது சுலபம். அரைக் கிலோ பச்சைக் கொட்டையை மூன்று பங்காக்கி, ஒன்றை முதல் வெடிப்பு ஓய்ந்ததும், ஒன்றை இரண்டாவதற்குச் சற்று முன், ஒன்றை இரண்டாவது நன்றாகத் தொடங்கியதும் இறக்குங்கள். ஒரே தண்ணி, ஒரே அளவு தூள், முதலில் சீனியில்லாமல். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் மூன்றும் ஒன்று போல இருக்கும்; வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் பேசும். அதற்குப் பிறகு நீங்கள் வழமையாகப் போடுகிற பாலையும் சீனியையும் போட்டு இன்னொரு முறை பாருங்கள். சீனியில்லாமல் முதலிடம் பெற்றது பாலோடு மூன்றாவதாகப் போவதைப் பலர் காண்பார்கள். நீங்கள் தினமும் எப்படிக் குடிக்கிறீர்களோ அந்த முடிவைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு ருசி என்றால் இரண்டு போத்தல் வைக்கலாம். முடியாவிட்டால் நடு வறுவல் இரண்டு பங்கும் கடும் வறுவல் ஒரு பங்கும் கலந்த தூள் பாலுக்கும் வரும், வெறுமைக்கும் வரும். பெரியவர்கள் மூன்றையும் குடித்துவிட்டுக் கறுத்ததைத்தான் காட்டினால், அவர்களிடம் இருகாபனேற்றைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். பாலைக் காய்ச்சி அதையே போட்டுக் கொடுங்கள்.